கடைசியாகக் குளிப்பவள்

நிஹொன்மட்சு, பள்ளி விளையாட்டுக்கூடம்
2011 ஏப்ரல் 26

தங்கை ஹருயோவுக்கு,

கடிதம் என்றால் முதலில் பருவத்தைப் பற்றி நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். இங்கே செர்ரி பூத்து, உதிர்ந்துகொண்டிருக்கிறது. பருவம் முடிந்தது. இனி விஷயம்.

நான் பத்திரமாக வந்து சேர்ந்தேன். உன் வீட்டிலிருந்து சொல்லாமல் கிளம்பியது தப்புதான். சாப்பாட்டு மேசையில் சீட்டு வைத்தேனே, பார்த்திருப்பாய். "நன்றி, போகிறேன்" என்பதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. நீங்கள் எல்லோரும் தூங்கி எழுந்து, போகாதே என்று சொல்லி, அப்புறம் நான் போவது எல்லோருக்கும் கஷ்டம். அதனால்தான்.

ஃபோன் பண்ணவில்லை என்று கோபிக்காதே. எங்கள் ஃபோன் அவரோடு போனது. கூடத்து வாசலில் ஒரு ஃபோன் வைத்திருக்கிறார்கள். அதில் பேசினால் வரிசையில் நிற்கிற அத்தனை காதும் நம் பேச்சில்தான். எழுதினால் என் இஷ்டத்துக்கு நிறுத்தி நிறுத்தி எழுதலாம்.

இங்கே அட்டைப்பெட்டியை நிறுத்தி ஆளுக்கொரு அறை செய்து கொடுத்திருக்கிறார்கள். என் அட்டைக்கு அந்தப் பக்கம் ஷிகா அண்ணன். நம் ஊருக்கு வடக்கே பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். இருமுவதற்கு முன் "இருமப் போறேன்" என்று சொல்லிவிட்டு இருமுகிறார். பெட்ரோல் போடப் போன இடத்தில் வண்டி நம்பரைப் பார்த்து, "புகுஷிமா வண்டிக்கு இல்லைங்க" என்றானாம் ஒருவன். திரும்பி வந்து எங்களிடம், "நாமெல்லாம் ராத்திரில மினுமினுன்னு மின்னுவோமாம். நல்லதாப் போச்சு, விளக்குச் செலவு மிச்சம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அப்புறம் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. நிலம் ஆடி நின்றதும் தீயணைப்புக் குழுச் சட்டையை மாட்டிக்கொண்டு, "மதகை மூடிட்டு வந்துடறேன், அடுப்பைப் பாரு" என்று கீழே போனவர்தான். வீடு மேட்டில் இருந்ததால் அலை வீட்டைத் தொடவில்லை. கீழே வயலெல்லாம் கடல். விடிந்ததும் தேடுவோம் என்றார்கள். விடிந்ததும் ஒலிபெருக்கிதான் வந்தது. அணு நிலையத்தில் ஏதோ ஆகிவிட்டது, எல்லோரும் மேற்கே போங்கள் என்று. கயிறும் கம்பும் எடுத்துக்கொண்டு இறங்கின ஆட்களையே திருப்பிக் கூப்பிட்டு பஸ்ஸில் ஏற்றினார்கள். நானும் ஏறினேன். அவர் கிழக்கே கிடக்க, நான் மேற்கே போனேன். இப்போது ரோட்டில் தடுப்பு வைத்துவிட்டார்கள். இனி நாம் நினைத்தாலும் உள்ளே போக முடியாது.

உன் பெண் மிஹோவின் வயிற்றில் இருக்கிற பிள்ளை நல்லபடியாக வரட்டும். உன் வீட்டுக்காரர் ஒசாமுவுக்கு வணக்கம் சொல்.

தோமி


கவாகுச்சி
மே 9

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. காரணத்தைத் தேடினேன். "எல்லோருக்கும் கஷ்டம்" என்று எழுதியிருக்கிறாய். யாருக்கு என்ன கஷ்டம்? உனக்காக அறையை ஒழித்தோம். புதுப் படுக்கை வாங்கினோம். விருந்தாளிக்குச் செய்கிற மாதிரி தினமும் உன்னைத்தான் முதலில் குளிக்கச் சொன்னேன். கூடப் பிறந்தவளை விருந்தாளி என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது, ஆனாலும் செய்தேன். என்ன குறை வைத்தேன் என்று நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் போடு.

காலையில் எழுந்து உன் சீட்டைப் பார்த்ததும் ஒசாமு ஸ்டேஷனுக்கு ஓடினார். நீ எந்த ரயில் ஏறினாய் என்றுகூடத் தெரியவில்லை. மிஹோ அழுதாள். அட்டைச் சுவருக்குப் பின்னால் யாரோ இருமுவதைக் கேட்டுக்கொண்டு நீ படுத்திருக்கிறாய் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இங்கும் நிம்மதி இல்லை. குழாய்த் தண்ணீரைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள் என்று டிவியில் சொன்ன நாளிலிருந்து கடைகளில் பாட்டில் தண்ணீர் கிடைப்பதில்லை. பிறகு பரவாயில்லை என்றார்கள். எதை நம்புவது? மிஹோ அரிசி மூட்டையைத் திருப்பித் திருப்பி எந்த மாவட்டம் என்று பார்க்கிறாள். நான் பிறந்த மாவட்டத்தின் பெயரைப் பார்த்துப் பையைக் கீழே வைக்கிறாள், என் முன்னாலேயே.

கன்ஜி அத்தான் பற்றி ஏதாவது தெரிந்தால் உடனே சொல். உள்ளாடை, காலுறை, நீ விரும்பும் உப்பிட்ட பிளம் எல்லாம் அனுப்பியிருக்கிறேன். திரும்பி வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மிஹோவின் பிரசவம் முடியட்டும். அதற்குப் பிறகு நிச்சயமாக வா.

உன் ஹரு


நிஹொன்மட்சு, தற்காலிக வீடு
ஜூன் 27

ஹருவுக்கு,

மழைக்காலம். துணி காயவில்லை.

வீடு கொடுத்துவிட்டார்கள். தகரமும் மரமுமாக வரிசை வீடு. ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு குளியல் தொட்டி. முழங்காலை மடக்கினால் உட்காரலாம். பிளம் வந்தது. ஷிகா அண்ணனுக்கும் கொடுத்தேன். "உங்க தங்கச்சி கையா? உப்புல ஒரு கோபம் தெரியுதே" என்றார்.

நேராகப் பதில் போடு என்று கேட்டாய். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது, அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. ஆனால் போன வாரம் வீட்டுக்குப் போய் வந்தேன். அதைச் சொன்னால்தான் இதையும் சொல்ல முடியும்.

வீட்டுக்கு ஒருவர், இரண்டு மணி நேரம், கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அந்தப் பைக்குள் கொள்வதைத்தான் எடுத்து வரலாம். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, கையுறைக்கு மேல் கையுறை. பஸ்ஸில் எல்லோரும் ஒரே மாதிரி இருந்தோம். முதுகில் பெயரை ஒட்டிவிட்டார்கள், ஆள் மாறிவிடக் கூடாது என்று. ரோட்டில் மாடுகள் தாமாகத் திரிந்தன. எங்களைப் பார்த்து பயந்து ஓடின. மாட்டுக்கே பயம்.

என்ன எடுப்பது என்று முன்பே முடிவு பண்ணியிருந்தேன். கும்பிடுகிற அலமாரியிலிருந்து மாமனார் மாமியார் பெயர்ப்பலகைகள், ஒரு போட்டோ, அவருடைய சவர ரேசர். அவர் முடியோ நகமோ இருந்தால் பிறகு அடையாளம் பார்க்க உதவும் என்று போலீஸ்காரர் சொல்லியிருந்தார். ரேசர் குளியலறையில் இருக்கும். போனேன்.

தொட்டி மூடி பாதி விலகிக் கிடந்தது, ஹரு. நிலம் ஆடியதில் பாதித் தண்ணீர் வெளியே கொட்டியிருக்கிறது. மீதி அப்படியே இருந்தது. முந்தின நாள் தண்ணீர். துணி துவைக்க ஆகுமே என்று நான்தான் திறந்து விடாமல் வைத்திருந்தேன். அவர் குளித்து, அப்புறம் நான் குளித்த தண்ணீர். ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. அவரிடம் மிஞ்சியது ரேசர் இல்லை, இதுதான் என்று தோன்றியது. மண்டி போட்டுக் கையை உள்ளே விட்டேன். இரண்டு கையுறை. குளிர்ச்சிகூடத் தெரியவில்லை.

"அம்மா, என்ன பண்றீங்க! தண்ணியத் தொடாதீங்க!" என்று கூட வந்த நகராட்சிக்காரர் வாசலிலிருந்து கத்தினார்.

"ஒண்ணும் இல்லைங்க. திறந்து விடலாமான்னு பாக்கறேன்."

"விடுங்கம்மா, நேரமாச்சு."

திறந்து விடவில்லை. மூடியைச் சரியாக மூடிவிட்டு வந்தேன்.

இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். கல்யாணமாகிப் போன நாள் முதல் என் முறை எப்போதும் கடைசி. மாமனார், அவர், கொழுந்தன்கள், மாமியார், அப்புறம் அதே தொட்டித் தண்ணீரில் நான். வெதுவெதுவென்று ஆறிப்போய், எல்லோர் முடியும் மிதக்கும். பெரியவர்கள் போய், கொழுந்தன்கள் போய், எங்களுக்குப் பிள்ளையும் இல்லாமல், இரண்டே பேர் என்று ஆன பிறகும் அவர் முதல், நான் கடைசி. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. உன் வீட்டில் பொத்தானை அமுக்கினால் தொட்டி தானே நிரம்பி, தயார் என்று பாட்டுப் பாடுகிறது. "அக்கா, நீதான் முதல்ல" என்று நீ சொன்னாய். கழுத்து வரைக்கும் இறங்கி உட்கார்ந்தேன். கண்ணாடி மாதிரித் தண்ணீர். என் வாழ்க்கையில் முதல் தண்ணீர். அவரை நினைத்து அழுதேன், அதோடு இந்தத் தண்ணீருக்காகவும் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். அதுவும் உண்மை.

வெளியே வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது கேட்டது. களக் களக் என்று தொட்டி காலியாகிற சத்தம். அப்புறம் தேய்க்கிற சத்தம். அப்புறம் மறுபடி அந்தப் பாட்டு.

அடுத்த நாளும். அதற்கு அடுத்த நாளும்.

அந்தப் பொத்தானில் எரிகிற சிவப்பு விளக்குக்கு இத்தனை வருஷமும் கரண்டு எங்கள் கடற்கரை அணு நிலையத்திலிருந்துதான் வந்தது. அதில் ஒரு பல்பு நாங்கள் எரித்ததில்லை, எல்லாம் உங்கள் பக்கத்துக்குத்தான். அறுப்பு முடிந்தால் அவரும் அங்கேதான் கூலிக்குப் போவார். அதனால் யாரையும் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நீ கேட்டாய், சொல்லிவிட்டேன்.

தோமி


கவாகுச்சி
ஜூலை 18

அக்கா,

ஆமாம், நான்தான் திறந்து விட்டேன். என் கையால். ஒசாமுவும் இல்லை, மிஹோவும் இல்லை.

நீ கொண்டுவந்த கதிர்வீச்சுப் பரிசோதனைச் சீட்டில் ஒன்றும் இல்லை என்று போட்டிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாதா? பயத்துக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. முதல் நாள் நீ குளிக்கப் போனதும் மிஹோ சமையலறைக்கு வந்து நின்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பெரியம்மாகிட்ட நான் மன்னிப்பு கேட்டுக்குவேம்மா. வயித்துல இருக்கறதுகிட்ட என்னான்னு கேக்கறது?" அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீ சொல். உனக்குப் பிள்ளை இருந்திருந்தால்

அந்த வரியை அடிக்கவில்லை. அடித்தாலும் நீ படித்துவிடுவாய். முடிக்காமல் விடுகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. உனக்கும் தெரியும், நீ சொல்லவில்லை. லிஃப்டில் ஏழாவது மாடி அம்மாள் கேட்டாளே, "இவங்க யாரு, எந்த ஊரு?" என்று. நம் ஊரை மறைத்து நான் "அகிதா" என்றேன். "அகிதாவா! அங்க சாக்கே நல்லா இருக்குமே" என்றாள். நீ என் பக்கத்தில் நின்று, "ஆமாங்க, நல்லா இருக்கும்" என்றாய். உனக்குக் குடிக்கக்கூடத் தெரியாது. அன்றைக்குத்தான் நீ கிளம்ப முடிவு செய்திருக்கிறாய் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்ச் சத்தம் உன் அறை வரைக்கும் கேட்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மிஹோ இங்கே இல்லை. இந்த ஊரும் ஆபத்து என்று அவள் மாமியார் ஒசாகாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். உன்னை அனுப்பி யாரைக் காப்பாற்றினேனோ, அவளும் போய்விட்டாள். ஒசாமு டிவியை அணைப்பதில்லை. நான் பேசுவதற்கு ஆள் இல்லை.

உன்மேல் கோபமாகத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன்.

ஹரு


நிஹொன்மட்சு
செப்டம்பர் 20

ஹருவுக்கு,

லில்லி பூத்திருக்கிறது, சிவப்பு. இறந்தவர்கள் நாளுக்குப் பூக்கிற பூ.

அவர் கிடைத்துவிட்டார். மதகுக்குப் பக்கத்து வயலில் இயந்திரம் வைத்துச் சேற்றை எடுத்தபோது. ரேசரில் ஒட்டியிருந்த முடியை வைத்துப் பார்த்து அவர்தான் என்று எழுதிக் கொடுத்தார்கள். முழுதாக இல்லை. எவ்வளவு என்று கேட்காதே.

அடுத்த மாதக் கடைசியில் எரிப்பதாக இருக்கிறது. சுடலையில் இருப்பவர் கேட்டார், "எலும்பு எடுக்க யார் யார் வர்றாங்க?"

"நான்தான்."

"கூட?"

"நான்தான்னு சொன்னேனே."

"ஒரு எலும்பை ரெண்டு பேர் சேர்ந்துதானேம்மா தூக்கணும். ஒருத்தர் குச்சியால எப்படிம்மா?"

அவர் என்னைச் சங்கடப்படுத்தச் சொல்லவில்லை. நல்ல மனுஷன். ஷிகா அண்ணன் கேள்விப்பட்டு, "நான் வரேன். பஸ் ஓட்டின கை, நடுங்காது" என்றார். வந்தால் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவர் முகத்தை ஷிகா அண்ணன் பார்த்ததே இல்லை. முகம் தெரியாத கை எடுத்து வைத்தால் அவருக்கு எப்படி இருக்கும் என்று யோசிக்கிறேன். அம்மாவுக்கு நீயும் நானும் எடுத்தோம். உன் குச்சி நடுங்கி என் குச்சியில் தட்டிக்கொண்டே இருந்தது. பாதங்களில் தொடங்கி மேலே போனோம். ஞாபகம் இருக்கிறதா?

வா என்று சொல்லவில்லை. கேட்கிறேன்.

அவரைக் கருவி வைத்துப் பார்த்தார்கள், கழுவினார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். சீட்டுக் கொடுத்தார்கள். அனுப்பட்டுமா? நீ பயந்தால் எனக்குப் புரியும். கையால் தொட வேண்டியதில்லை. குச்சிதான்.

தோமி


கவாகுச்சி
அக்டோபர் 8

அக்கா,

உன் கடிதம் வந்தபோது நான் ஒசாகாவில் இருந்தேன். பதில் வராமல் நீ என்ன நினைத்திருப்பாய் என்று தெரியும். அதனால் முதலில் இதைச் சொல்கிறேன்: வருகிறேன். எந்தத் தேதியானாலும் வருகிறேன். சீட்டு எதையும் அனுப்பாதே.

பெண் குழந்தை பிறந்திருக்கிறது. சிவப்பாக, கோபமாக, நம் அப்பா மாதிரிப் புருவத்தோடு. பத்து விரலையும் மிஹோ எண்ணினாள். பிறகு மறுபடி எண்ணினாள்.

சம்பந்தியம்மாள் மரியாதையான பெண்மணி. குழந்தையைத் தூக்கப் போனேன். "இதைப் போட்டுக்குங்க" என்று ஒரு புது ஏப்ரனை நீட்டினார். உறை பிரிக்காதது. "பிரயாணத்துல தூசு இருக்கும் பாருங்க." போட்டுக்கொண்டேன். மிஹோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பக்கமெல்லாம் இப்ப எப்படிங்க இருக்கு?" என்று கேட்டார். கவாகுச்சியில் இத்தனை வருஷம் இருந்து நான் சைதாமாக்காரி ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அக்கா. அவருக்கு நானும் அந்தப் பக்கம், நீயும் அந்தப் பக்கம்.

சாயங்காலம், "தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க, நீங்கதான் முதல்ல குளிக்கணும்" என்றார். மாட்டேன் என்றேன். விடவில்லை. குளித்துவிட்டு ஈரத் தலையோடு அறையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். திறந்து விடும் சத்தம் கேட்கவில்லை. பரவாயில்லை, இவர்கள் என்னைவிட நல்லவர்கள் என்று நினைத்தேன். ஒவ்வொருவராகக் குளிக்கப் போனார்கள். ஷவர் சத்தம் மட்டும் கேட்டது. காலையில் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். நான் விட்டு வந்த அளவிலேயே தண்ணீர் நின்றது. ஒருவர்கூட இறங்கவில்லை. மிஹோவும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உன் வீட்டில் என்னை முதலில் குளிக்கச் சொல்லாதே.

ஹரு


நிஹொன்மட்சு
நவம்பர் 6

ஹருவுக்கு,

காலையில் வெளியே காயப்போட்ட துணியில் உறைபனி.

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததை ஷிகா அண்ணன் ஃபோனில் கேட்டுச் சொன்னார். சுடலைக்குக் கூட வந்து நின்றாரே, உன்னைப் பற்றி, "உங்க தங்கச்சி குச்சி பிடிச்ச பிடியப் பாத்தேன், அப்பாடி, நான் பஸ் ஸ்டியரிங்கக்கூட அப்படிப் பிடிச்சதில்ல" என்றார். உன் கை இந்த முறை நடுங்கவில்லை. நடுங்கினது என் கை. நீ உன் குச்சியை என் குச்சியோடு ஒட்டி வைத்துப் பிடித்துக்கொண்டாய். கொஞ்சம்தான் இருந்தது, சீக்கிரம் முடிந்துவிட்டது. கொஞ்சமாக இருந்ததே என்று எனக்கு அப்போதுதான் வருத்தமாக இருந்தது.

எலும்புப் பெட்டி அலமாரி மேல் இருக்கிறது. ஊர்க் கல்லறையை அலை கொண்டுபோனது, புதைக்க இடம் இல்லை. அதனால் இப்போதைக்கு என்னோடுதான். காலையில் டீ வைக்கிறேன்.

நீ பார்க்காத ஒன்றை எழுதுகிறேன். அன்றைக்கு ராத்திரி நாம் குளியலறை வாசலில் நின்று சண்டை போட்டோமே, "நீ போக்கா", "நீ போடி" என்று. பக்கத்து வீட்டில் சுவரைத் தட்டினார்கள். கடைசியில் நீ சொன்னபடி நான் முதலில் போனேன். அப்புறம் நீ போனாய். நான் கதவுக்கு இந்தப் பக்கம் துணி மடிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். மடித்ததையே மடித்தேன். நான் இறங்கின அதே தண்ணீரில் நீ இறங்குகிற சத்தம் கேட்டது. நீ வெளியே வந்து, முகமெல்லாம் சிவந்து, "சூடே இல்லைக்கா, சனியன் பிடிச்ச தொட்டி" என்று குறை சொன்னாய். நான் சிரித்தேன். அவர் போன பிறகு நான் சிரித்த சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

மறுநாள் நீ ரயில் ஏறினாய். நான் ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தேன்.

இங்கே தினமும் முதல் தண்ணீர் எனக்குத்தான். ஒருத்திக்கு ஒரு தொட்டி. நிரப்புகிறேன், இறங்குகிறேன், ஏறுகிறேன், அப்புறம் யாரும் இல்லை, திறந்து விடுகிறேன். அந்தச் சத்தத்தை எனக்கு நானே தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன். உன்னிடம் குறை சொன்னேனே, அதே சத்தம்.

நீ போன அன்றைக்குச் சாயங்காலம் மூடியைத் தூக்கினேன். தண்ணீர் இருந்தது. அதையே சூடாக்கி இறங்கினேன். உன் முடி ஒன்று மிதந்தது. பாதி நரைத்தது. எடுத்துப் போடவில்லை, பக்கத்தில் வந்தால் கையால் மெல்லத் தள்ளிவிட்டேன். முழங்காலை மடக்கிக்கொண்டு ஆறுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் ஆள் இருந்தால்தான் ஒருத்தி கடைசியாகக் குளிக்க முடியும், ஹரு. அன்றைக்கு நான் கடைசி.

தோமி